எர்த் இல்லாத அடுப்பு

பூவம்மாளின் வலது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. பதினெட்டு வயதில், திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், விறகெரியும் கோட்டை அடுப்பிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்கும்போது பட்டது. யாராவது கேட்டால், "நெருப்பு சொல்லிட்டுத்தான் சுடும். அன்னைக்கு நான் காது குடுக்கல," என்பாள். இருபத்தைந்து வருஷம் கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகச் சுற்றியவள். ஐநூறு பேருக்குச் சாதம் வடிப்பாள். உலையின் சத்தத்தை வைத்தே எப்போது பொங்கும் என்று சொல்லிவிடுவாள்.

கணவன் வீரையன் நெல் அறுக்கும் மெஷினிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டான். அதன் பிறகு அவளால் வெளியூர் போக முடியவில்லை. மத்தியானம் ஒரு தடவை ஓடிவந்து அவனைப் புரட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்குத் தோதாக உள்ளூரிலேயே ஒரு வேலை பார்த்தாள். பாபநாசத்துக்கு அடுத்த அந்தக் கிராமத்தில், சம்பளத்துக்குச் சமையலுக்கு ஆள் வைத்திருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். இருபது ஏக்கர் நஞ்சைக்காரர் இளையபெருமாளின் வீடு.

இளையபெருமாளின் மனைவி குந்தவை ஐம்பத்தைந்து வயதுக்காரி. அதட்டிப் பேசமாட்டாள், கை நீட்டமாட்டாள். சிரித்துக்கொண்டே பேசுவாள். யாரைப் பற்றிப் பேசுகிறாளோ அவர் எதிரில் இருக்கும்போதே, அவர் அங்கே இல்லாத மாதிரி அடுத்தவரிடம் சொல்லிச் சிரிப்பாள். "இவளுக்கு உப்புக் கை. இவ புருஷன் எந்திரிச்சு ஓடுனாலும் ஓடுவான், சாப்பாடு அப்படி." வந்தவர்கள் சிரிப்பார்கள். பூவம்மாளும் ஆரம்பத்தில் சேர்ந்து சிரித்தாள்.

இவர்களுடைய ஒரே மகன் தமிழரசன் கனடாவில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு அறுபது நெருங்குகிறது, திருக்கடையூரில் கல்யாணம் செய்து வைக்க வேண்டும், அதற்குள் வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று அங்கிருந்தே ஏற்பாடு செய்தான். கொல்லைப்புறம் முழுவதும் டைல்ஸ் பதித்தார்கள். சமையல்கட்டை இடித்து நீளமான கருங்கல் மேடை போட்டார்கள். கடைசியில் சென்னையிலிருந்து வேனில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. கரண்டில் எரியும் அடுப்பு. மேலே கறுப்புக் கண்ணாடி, அதில் நான்கு வட்டம். கீழே கதவு வைத்த ஓவன். இடுப்பு உயரம், பீரோ மாதிரி கனம். குந்தவை அதற்கு 'ரேஞ்சு' என்று பேர் வைத்துவிட்டாள்.

"நெருப்பே இல்லம்மா. கேஸ் லீக் ஆகுமோன்னு பயமே வேண்டாம்," என்று தமிழரசன் போனில் படம் காட்டிச் சொன்னான்.

அதை மாட்ட வந்தவன் ஜாபிர். பாபநாசத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் வயரிங்காரன், முப்பத்தைந்து வயது, வளவளவென்று பேசாதவன். மெயின் போர்டிலிருந்து அடுப்புக்குத் தடித்த கேபிளில் தனி லைன் இழுத்தான். லைனுக்கு நடுவில், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அறுக்கிற ட்ரிப்பர் ஒன்றைப் பொருத்தினான். பிறகு கொல்லைக்குப் போய் டைல்ஸ் தரையை இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"சார், எர்த் குழி எங்க இருந்துச்சு?"

"இதுக்கடியிலதான் எங்கயோ," என்றார் இளையபெருமாள்.

"டைல்ஸ் போடும்போது எர்த் கம்பிய வெட்டிட்டாங்க சார். வீட்டுக்கு எர்த்தே இல்ல. ரெண்டு கல்லைப் பேத்துட்டுப் புதுசா குழி எடுக்கணும். இவ்வளவு இரும்பு இருக்கிற சாமானுக்கு எர்த் இல்லாம கரண்ட் குடுக்கக் கூடாது."

இளையபெருமாள் புது டைல்ஸைப் பார்த்தார். நேற்றுத்தான் அதன் மேல் மாவுக்கோலம் போட்டுப் பார்த்திருந்தார்கள். "விசேஷம் முடியட்டும், பார்த்துக்கலாம்," என்றார்.

ஜாபிர் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தான். போவதற்கு முன் பூவம்மாளிடம் வந்து தணிந்த குரலில், "அக்கா, இந்த ட்ரிப்பர் விழுந்துச்சுன்னா அடுப்புல கோளாறுன்னு அர்த்தம். தூக்கிவிட்டுட்டே இருக்காதீங்க. என்னைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மற்றபடி அந்த அடுப்பைப் பூவம்மாளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் அதன் குணம் முழுவதையும் கற்றுக்கொண்டாள். அடி தட்டையாக இல்லாத பாத்திரம் இதில் சூடேறாது. பாத்திரத்தைக் கண்ணாடி மேல் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். அணைத்த பிறகும் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது அணையும்வரை கை வைக்கக் கூடாது, ஈரத்துணி படக்கூடாது, கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். பாகு சிந்தினால் மட்டும் ஆறவிடாமல் அப்போதே வழித்துவிட வேண்டும். ஆறினால் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு வரும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சை அணைத்து மூடியால் மூட வேண்டும். இதெல்லாம் தமிழரசனின் மனைவி போனில் கொஞ்சமும், பூவம்மாள் பார்த்துப் பார்த்துக் கொஞ்சமுமாகத் தெரிந்துகொண்டது. தினமும் வேலை முடிந்து, அடுப்பு ஆறி, உலர்ந்த துணியால் துடைத்தால், கண்ணாடியில் அவள் முகம் தெரியும்.

பித்தளை உருளியைக் குந்தவைதான் ஒருநாள் தரதரவென்று இழுத்தாள். கண்ணாடியில் சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. சாயங்காலம் கனடாவிலிருந்து போன் வந்தபோது, "பூவம்மா கீறிட்டா. அவளுக்குக் கோட்டை அடுப்புதான் லாயக்கு," என்றாள், அவள் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே. பூவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குந்தவை அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் பால் பொங்கி ஓவன் பக்கம் வழிந்தது. துடைத்துவிட்டார்கள். மறுநாள் தரையைக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு பூவம்மாள் ஓவன் கதவின் பிடியைத் தொட்டாள். கை சுண்டியது. அதே நொடியில் 'டக்'கென்று ட்ரிப்பர் விழுந்தது.

இளையபெருமாள் போய்த் தூக்கிவிட்டார். அரைமணி கழித்து அவள் தொட்டதும் மறுபடி விழுந்தது. அடுத்த நாள் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பூவம்மாள் தொட்டபோதுதான் விழுந்தது.

"இது என்னடி, நீ தொட்டாத்தான் விழுது? நான் தொட்டா ஒண்ணும் ஆகலையே?" குந்தவை போய் ஓவன் பிடியை முழு உள்ளங்கையாலும் பிடித்துக் காட்டினாள். ஒன்றும் ஆகவில்லை.

அவள் காலில் மெத்தென்ற ரப்பர் செருப்பு இருந்தது. குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்து வீட்டுக்குள் போடுவது.

"அம்மா, நீங்க செருப்பு போட்டிருக்கீங்க. நான் வெறுங்கால்."

"செருப்பு போட்டாதான் சமைப்பேன்கிறியா?"

பூவம்மாள் ஜாபிருக்குப் போன் போட்டாள். அவன் மழையில் நனைந்துகொண்டு வந்தான். டெஸ்டரை ஓவன் பிடியில் வைத்தான், பளிச்சென்று எரிந்தது. குந்தவை முகத்துக்கு நேராகவே சொன்னான்.

"அடுப்போட உடம்புல கரண்ட் இறங்குதும்மா. எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால அக்கா உடம்பு வழியாப் போகப் பாக்குது. அந்த ட்ரிப்பர் விழுகுறதாலதான் அவங்க இன்னைக்கு உயிரோட நிக்கிறாங்க. எர்த் போடுற வரைக்கும், ஓவனைக் கழட்டிப் பாக்குற வரைக்கும் இதைத் தொடாதீங்க. கேஸ்ல சமைங்க."

"டைல்ஸ உடைக்கணும், அடுப்பைக் கழட்டணும். உனக்கு நல்ல வேலைதான் தம்பி," என்றாள் குந்தவை சிரித்துக்கொண்டே. ஜாபிர் டெஸ்டரைப் பையில் சொருகிக்கொண்டு வெளியே போனான்.

இரண்டு நாள் கழித்து, பம்புசெட் மோட்டார் பார்க்கிற ஆள் ஒருவன் வந்தான். ட்ரிப்பரைக் கழற்றி எடுத்துவிட்டு நேர் லைன் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அடுப்புக்கு ஒரு தடவைகூடக் கரண்ட் நிற்கவில்லை. குந்தவைக்கு நிம்மதி.

பூவம்மாளை மட்டும் அடுப்பு அடித்தது. எல்லா நாளும் இல்லை. வெயில் காய்ந்தால் சும்மா இருக்கும், மழை பெய்தால் கடிக்கும். சில நாள் எறும்பு கடிப்பது போல. சில நாள் தோள்பட்டை வரை உதறிவிடும். பழைய செருப்பு ஒன்றைக் கழுவி எடுத்து வந்தாள். "சாமி படம் இருக்கிற சமையல்கட்டுல செருப்பா?" என்று குந்தவை கொல்லைக்கு வீசச் சொன்னாள். "நீங்க போடுறீங்களேம்மா?" என்றதற்கு, "இது மருந்து. நீ யாரு, என் கூட ஒப்பிட?" என்றாள். அப்போதும் சிரித்த முகம்தான்.

பூவம்மாள் ஒரு மணைப்பலகையை எடுத்துப் போட்டு அதன் மேல் நின்று சமைத்தாள். பத்து நாள் அடி விழவில்லை. பதினோராம் நாள் பலகையைக் காணோம். "விருந்தாளி உட்கார்ற பலகை அது. உன் காலுக்கா?" என்றாள் குந்தவை. அதன் பிறகு கோணிச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டாள். சாக்கு நனையாதவரை தாங்கியது. தொடுவதற்கு முன் கையை முந்தானையில் துடைப்பாள். ஒரு கை அடுப்பில் இருக்கும்போது மறு கை குழாயிலோ தொட்டியிலோ படாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். துடைக்கும்போது மெயினை அணைத்துவிடுவாள். அப்படியும் மறதியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு அடி வாங்குவாள்.

வீட்டில் வீரையனிடம் சொன்னாள். படுத்த வாக்கிலேயே, "விட்டுட்டு வந்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டான். அவள் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள்.

தை மாதம் இளையபெருமாளுக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் கோயிலில் முடித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். தமிழரசனும் மனைவியும் வந்திருந்தார்கள். பந்திக்கு வெளியிலிருந்து சமையல்காரர்கள். பூவம்மாளுக்கு உள்ளே பாயசமும் பலகாரமும். திரும்பி வந்த கூட்டம் கை கால் கழுவிவிட்டு நடந்த ஈரம், சமையல்கட்டுத் தரை முழுவதும் சொதசொதத்துக் கிடந்தது.

குந்தவையின் தம்பி மகன் ராம்கி, கல்யாணமாகிக் குழந்தை உள்ள ஆள், வாசற்படியில் வந்து நின்றான். "அத்தை, கரண்டு பூவம்மான்னு சொல்வீங்களே, இவங்கதானா? எங்க, துள்ளுறதைக் காட்டச் சொல்லுங்க," என்றான். பின்னால் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"போங்க தம்பி, வேலை கெடக்கு," என்றாள் பூவம்மாள்.

"ஒரு தடவ தொட்டுக் காட்டேன் பூவம்மா. என்ன போச்சு?" என்றாள் குந்தவை. "நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் ஆசைப்படுறாங்க."

பூவம்மாள் தமிழரசனைப் பார்த்தாள். அவன் படித்தவன், வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தாள். அவன் அரைச் சிரிப்போடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

விரலின் பின்பக்கத்தால் ஓவன் பிடியை லேசாகத் தொட்டாள். அன்றைக்குத் தரையில் இருந்த ஈரத்துக்கு அது லேசாக அடிக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்து பின்னால் எகிறியது. முழங்கை பட்டுப் பாயசப் பாத்திரம் கவிழ்ந்தது. அவள் பாயசத்தின் மேலேயே விழுந்தாள். புடவை விலகிக் கால் தெரிந்தது. சத்தம் போட வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், "ஐயோ, நிஜமாவே அடிச்சிருக்கும் போலருக்கே," என்றாள். "நடிப்புடி, நல்லா நடிப்பா," என்றாள் குந்தவை. பத்துப் பேருக்கு ஊற்ற வைத்திருந்த பாயசம் போயிற்றே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் போயிற்று. தெருவில் கடைக்காரன்கூட அவளைப் பார்த்ததும் விரலை நீட்டித் துள்ளிக் காட்டினான்.

மறுநாள் காலை பூவம்மாள் சமையல்கட்டுக்குள் போகாமல் பின்வாசலிலேயே நின்றாள். "எர்த் போடுங்க. இல்லன்னா செருப்பு போட விடுங்க. ரெண்டுல ஒண்ணு செஞ்சாத்தான் உள்ள வருவேன்," என்றாள்.

"அப்ப வராத," என்றாள் குந்தவை. கதவைக்கூடச் சாத்தவில்லை. திரும்பி நடந்து போய்விட்டாள்.

அதற்கு அடுத்த நாளே தையல்நாயகி வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தெட்டு வயது, பூவம்மாள் தெருவில் நான்கு வீடு தள்ளி, அம்மா அஞ்சம்மாளோடு இருப்பவள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. கலகலப்பானவள், யாரிடமும் கெட்ட எண்ணம் வைத்துப் பழகத் தெரியாதவள். தன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று கேட்டபோது பூவம்மாள் வெயிலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட அவர்கள் சிரமப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அந்தச் சாயங்காலம் தையல்நாயகியே தேடிவந்தாள்.

"அக்கா, அந்த ரேஞ்சு அடுப்பைப் பத்திச் சொல்லுங்கக்கா. உங்கள மாதிரி யாருக்கும் தெரியாதாமே. அந்தம்மாவே சொன்னாங்க."

பூவம்மாளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. கண்ணாடியைப் பற்றி, சிவப்பு விளக்கைப் பற்றி, பாகு சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி, எல்லாம் விலாவாரியாகச் சொன்னாள். தையல்நாயகி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கடைசியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அந்த வீடியோ பாத்தேன்க்கா. எங்கம்மா, பாப்பா எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். நெசமாவே அடிக்குமா, இல்ல சும்மா துள்ளுனீங்களா?" என்று கேட்டாள்.

பூவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு களங்கமும் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. ஆறு வயதுக் குழந்தைகூட அவள் கால் விலகிக் கிடந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. சாக்கு, உலர்ந்த கை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை, மெயின் சுவிட்ச் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"அடிக்காது," என்றாள். "நான்தான் பயந்தவ. சும்மா துள்ளுனேன்."

"நெனச்சேன்," என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள் தையல்நாயகி.

அன்றும் மறுநாளும் பூவம்மாளுக்கு மனதில் ஒரு திருப்தி இருந்தது. ஒரு அடி வாங்கட்டும், அப்போது தெரியும், ஓடி வருவாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் தை, மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் காய்ந்த மாதங்கள். அடுப்பு சும்மா இருந்தது. தையல்நாயகி ஓடி வரவில்லை. வைகாசியில், வழியில் பார்த்தபோது, "ஒண்ணும் அடிக்கலக்கா," என்று அவளே சொன்னாள். பூவம்மாள் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். நாளாக நாளாக, சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்தது. அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டாள்.

ஆடியில் ஒரு பகல், கோடைமழை மாதிரி ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. சமையல்கட்டு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்கள். சாரல் அடித்து அடுப்பு, மேடை, தரை எல்லாம் நனைந்தது. குந்தவை துடைக்கச் சொன்னாள். தையல்நாயகி அடுப்பை அணைக்காமலே, சாம்பார் கொதிக்கக் கொதிக்க, ஒரு கையால் குழாயைத் திறந்து துணியை நனைத்துக்கொண்டு மறு கையால் ஓவன் பிடியைப் பிடித்தாள்.

பூவம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கூச்சல் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் போவதற்குள் இளையபெருமாள் மெயினை அணைத்திருந்தார். தையல்நாயகி தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது உள்ளங்கையில் பிடியின் அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. மேலே சாம்பார் இன்னும் தளதளத்துக்கொண்டிருந்தது. அணைத்தாலும் அந்தக் கண்ணாடி லேசில் ஆறாது. ஒருவர் நெஞ்சை அமுக்கினார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

குந்தவை கூடத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம், "ஈரக்கையோட தொடாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலையிலேயே கொல்லையில் டைல்ஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. ஜாபிரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். "செத்த பிறகு எர்த்தா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டானாம். வேறு ஆளை வைத்துக் குழி எடுத்து, உப்பும் கரியும் கொட்டிக் கம்பி இறக்கினார்கள். ட்ரிப்பரும் பழைய இடத்துக்கு வந்தது.

அன்று சாயங்காலம் இளையபெருமாள் பூவம்மாள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. வீரையன் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"நீ மாசக்கணக்குல அதுல சமைச்சிருக்க. உனக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னாப் போதும். அந்தப் பொண்ணு கவனக்குறைவு, அவ்வளவுதான். உன் வேலையும் உனக்கு இருக்கு. செருப்பு போட்டுக்க, நான் சொல்லிட்டேன் வீட்ல."

வீரையன் பூவம்மாளைப் பார்த்தான். சொல் என்றும் சொல்லாதே என்றும் இல்லாத பார்வை. அவள், "யோசிச்சுச் சொல்றேங்க," என்றாள்.

அந்த வாரத்திலேயே மின் ஆய்வாளரும் போலீசும் வந்தார்கள். ஆய்வாளர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசவில்லை. கொல்லையில் குனிந்து குழியின் விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சிமெண்ட்டு பச்சையா இருக்கு," என்று மட்டும் சொன்னார். பிறகு முன்பு வேலை பார்த்த பெண்ணை அழைக்கச் சொன்னார்.

சமையல்கட்டு வாசலில் குந்தவை, இளையபெருமாள், அஞ்சம்மாள், தெருவிலிருந்து நாலைந்து பேர். அஞ்சம்மாள் மகள் போன நாளிலிருந்து சாப்பிடாமல் உலர்ந்துபோய் இருந்தாள்.

பூவம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டிய எர்த் கம்பி, ஜாபிர் சொன்னது, ட்ரிப்பரைக் கழற்றியது, செருப்பு, பலகை, அறுபதாம் கல்யாணத்தன்று நடந்தது. நிற்காமல் சொன்னாள். இத்தனை நாள் யாரும் கேட்காததைக் கேட்கவும் ஒருவர் எழுதிக்கொள்ளவும், அவள் குரல் தானாகவே உயர்ந்தது. குந்தவை சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ஆய்வாளர் எழுதி முடித்தார். பேனாவை மூடாமல் கேட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே. உங்களுக்கு அப்புறம் வந்த பொண்ணுகிட்ட சொன்னீங்களாம்மா?"

பூவம்மாள் வாயைத் திறந்தாள். சொன்னேன், அவள் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்க வந்தவள் இப்போது இல்லை. வீட்டுக்குள் அவர்கள் இருவர் மட்டும் பேசியது. வீரையன் அன்று தூங்கிக்கொண்டிருந்தான்.

"கேட்டா," என்றாள். "அடிக்குமாக்கான்னு கேட்டா. அடிக்காதுன்னு சொன்னேன்."

"ஏன்?"

"சிரிச்சா."

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். முதலில் பேசியவள் குந்தவைதான். "கேட்டுக்கிட்டீங்களா? தெரிஞ்சே கொன்னிருக்கா," என்றாள். அவள் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது.

அஞ்சம்மாள் நடந்து வந்து பூவம்மாளுக்கு எதிரில் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பூவம்மாளும் நினைத்தாள், முகத்தைத் திருப்பாமல் நின்றாள். அஞ்சம்மாள் அடிக்கவில்லை. "நானும் சிரிச்சேன்டி," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

இளையபெருமாள் மேல் வழக்குப் போட்டார்கள். ஜாமீன் கிடைத்துவிட்டது. அவருடைய வக்கீல் இப்போது பூவம்மாள் சொன்ன கடைசி நாலு வரியைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார் என்று கேள்வி. வாய்தா மேல் வாய்தா போகிறது. ஒவ்வொன்றுக்கும் பூவம்மாள் சாட்சிக்குப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த நாலு வரியையும் மாற்றாமல் சொல்கிறாள். தெருவில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மூன்று மைல் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. சமையலுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

தையல்நாயகியின் புருஷன் கேரளாவிலிருந்து வந்து குழந்தையைத் தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அஞ்சம்மாள் தனியாக இருக்கிறாள். தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அவளும் பூவம்மாளும் வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்க நேரும். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. அஞ்சம்மாளின் முறை வந்தால் அவள் பிடித்துக்கொள்வாள். பூவம்மாளின் முறை வந்தால் அவள் தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அஞ்சம்மாளின் குடம் முதலில் நிறையட்டும் என்று காத்திருப்பாள். அஞ்சம்மாள் ஒருநாளும் அந்த இடத்தில் தன் குடத்தை வைத்ததில்லை. தண்ணீர் அத்தனை நேரமும் வெறும் தரையில் கொட்டிக்கொண்டிருக்கும்.